அப்பாவுக்கு முதல் போன்

பெரியாயா என்றதும் நரைத்த தலையும் வளைந்த முதுகுமாக ஒருத்தியை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவளுக்கு வயது நாற்பத்திரண்டுதான் ஆகிறது. அந்தக் காப்பகத்துக்கு அவளுக்குப் பின்னால் இன்னொரு ஆயா வேலைக்கு வந்தாள். வந்தவள் சின்னாயா ஆனாள், இவள் கேட்காமலே பெரியாயா ஆகிவிட்டாள். பதவி உயர்வு என்று அந்த வேலையில் அவளுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

அரசாங்கக் காப்பகம். வேலைக்குப் போகிற அம்மாக்கள் காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, சாயங்காலம் வந்து அள்ளிக்கொண்டு போகிற இடம். முன்பெல்லாம் ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். பெண்கள் இரண்டாவது ஷிப்டிலும் வேலை பார்க்க வேண்டும், ஆணுக்குச் சமமாகச் சம்பாதிக்க வேண்டும் என்று மேலிடத்தில் யாரோ யோசித்து, இப்போது எட்டு மணிவரை திறந்துவைக்கச் சொல்லிவிட்டார்கள். நல்ல யோசனைதான், யார் இல்லை என்றார்கள். அந்த எட்டு மணிவரை உள்ளே நிற்கப்போகிறவளும் ஒரு பெண்தான், அவளுக்கும் வீட்டில் பிள்ளை உண்டு என்பது மட்டும் அந்த யோசனையில் எங்கோ விட்டுப்போயிற்று. போகட்டும். பெரியாயா அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தி வெகுநாளாகிறது. பேசவும் தெம்பு வேண்டுமே.

காப்பகத்தில் இன்னொரு புது உத்தரவும் வந்திருந்தது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் முதல் போன் அப்பாவுக்குப் போக வேண்டும். அம்மாவுக்கு மட்டுமே போன் போட்டுப் போட்டு, அவள் பாதி வேலையில் ஓடி ஓடி வந்து, கடைசியில் வேலையே இல்லாமல் போய்விடுகிறதாம். அதனால் அப்பாக்களுக்கென்று தனியாகச் சம்பளத்தோடு விடுமுறை நாட்கள் கொடுத்திருந்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அப்பா அந்த நாளை எடுத்துக்கொள்ளலாம். எடுக்காவிட்டால் அது போச்சு, அம்மா பேருக்கு மாற்ற முடியாது. ஜனங்கள் அதற்கு 'அப்பா நாள்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சுவரில் படம்கூட ஒட்டியிருந்தது. மீசை வைத்த ஒருவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார். அழுகிற குழந்தைக்கு வேடிக்கை காட்ட சின்னாயா அந்தப் படத்தைத்தான் காட்டுவாள்.

உத்தரவு உத்தரவாக இருந்தது. ஆயாக்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். அப்பாவின் நம்பரை அழுத்துவது, இரண்டு ரிங் போனதும் கட் பண்ணுவது, "அப்பா எடுக்கல" என்று பொறுப்பாளர் மேடத்துக்குக் கேட்கிற மாதிரி சொல்வது, உடனே அம்மாவைக் கூப்பிடுவது. அம்மா முதல் ரிங்கிலேயே எடுத்துவிடுவாள். மேடமும் ஏதும் கேட்க மாட்டார். அந்த வித்தையைக் கண்டுபிடித்ததே பெரியாயாதான். அவளைக் குறை சொல்ல முடியாது. அப்பாக்களிடம் பேசி மாளாது. 'எந்தக் காப்பகம்?' என்பதில் ஆரம்பிப்பார்கள். ஒரு பிள்ளை வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பொறுமைக்கு எங்கே போவது?

அன்றைக்குக் காலையில் டிப்போ அம்மா வந்தாள். அங்கே அம்மாக்களுக்கெல்லாம் வேலையை வைத்துத்தான் பெயர். தையல் அம்மா, பாங்க் அம்மா, டிப்போ அம்மா. டிப்போ அம்மா பஸ் கழுவுகிறவள். ராத்திரி வந்து நிற்கிற பஸ்களுக்குள் ஏறி, சீட்டுக்கு அடியில் கிடப்பதையெல்லாம் பெருக்கித் தள்ளி, தண்ணீர் அடித்துக் கழுவுவது பல வருஷமாக அவள் வேலை. கழுவிய பஸ்ஸையே ஓட்டவும் செய்யலாம் என்று இப்போது ஒரு திட்டம் வந்திருந்தது. டிரைவர் வேலையில் பெண்களுக்குக் கொஞ்சம் இடம் ஒதுக்கி, பயிற்சியும் அரசாங்கமே கொடுத்தது. டிப்போவில் இருந்து சேர்ந்தவள் இவள் ஒருத்திதான். ஆறு மாதமாக வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் பயிற்சிக்குப் போனாள். அன்றைக்கு ரோட்டில் ஓட்டிக்காட்டுகிற கடைசி டெஸ்ட். தேறிவிட்டால் ஸ்டியரிங், தேறாவிட்டால் மறுபடி துடைப்பம்.

காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவள் பையனுக்கு இரண்டரை வயது. காப்பகத்தில் அவனுக்கு வாத்தியார் என்று பெயர். மற்ற பிள்ளைகளையெல்லாம் விரலை நீட்டி அதட்டுவான், சாப்பிடும்போது வரிசையில் உட்கார வைப்பான். அன்றைக்கு வாத்தியார் அம்மாவின் தோளை விட்டு இறங்கவேயில்லை. பெரியாயாதான் பிய்த்து எடுத்தாள். எடுக்கும்போதே உடம்பு லேசாகச் சுட்டது. சொல்லவில்லை.

டிப்போ அம்மா பெரியாயாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும். என்ன ஆனாலும் எனக்குப் போன் பண்ணாதீங்க. அவருக்குப் பண்ணுங்க. அவர்கிட்ட சொல்லித்தான் வச்சிருக்கேன்."

"பண்ண மாட்டேன், போ. நல்லா ஓட்டிட்டு வா."

வாக்குக் கொடுத்தாகிவிட்டது. கொடுக்கும்போது அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

பதினோரு மணிக்கெல்லாம் வாத்தியார் அனலாகக் கொதித்தான். யாரையும் அதட்டவில்லை, பாயில் சுருண்டு படுத்துவிட்டான். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாள். காப்பகத்தில் வைத்துக்கொள்ளலாம் என்கிற அளவைத் தாண்டியிருந்தது. அந்த அளவைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர்கள் வந்து பிள்ளையைக் கூட்டிப்போய்விட வேண்டும். இல்லாவிட்டால் ஆம்புலன்ஸ், விசாரணை, அதற்கப்புறம் அந்தப் பிள்ளைக்குக் காப்பகத்தில் இடம் இருக்குமா என்பதே சந்தேகம். மற்ற பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமே என்று மேடத்துக்குப் பயம். அந்தப் பயமும் நியாயமான பயம்தான்.

சின்னாயா பழக்க தோஷத்தில் போனை எடுத்து, அப்பா நம்பரை அழுத்தி, இரண்டு ரிங்கில் கட் பண்ணிவிட்டு, டிப்போ அம்மாவின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தாள். பெரியாயா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

வாத்தியாரின் அப்பா ஒரு குடோனில் லோடு ஏற்றி இறக்குகிற வண்டி ஓட்டுகிறவர். முதல் தடவை முழு ரிங்கும் போய் நின்றது. இரண்டாவது தடவையும் நின்றது. நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டுவிட்டு மூன்றாவது தடவை போட்டாள். எடுத்தார். பின்னால் ஒரே இரைச்சல். விஷயத்தைச் சொன்னதும் அவர் கோபப்படவில்லை, பதறவுமில்லை. தப்பு நம்பருக்கு வந்த போனைத் திருப்பிவிடுகிற மாதிரி, அவளுக்குப் போடுங்க என்றார்.

அவள் டெஸ்டில் இருக்கிறாள் என்றாள் பெரியாயா. அவருக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார். லோடு நிற்கிறதாம், சூப்பர்வைசர் தலைமேல் நிற்கிறாராம். அப்பா நாள் இருக்கிறதே என்று கேட்டாள். அதெல்லாம் பேப்பரில் இருக்கும், எங்கள் குடோனில் இதுவரை ஒருத்தரும் எடுத்ததில்லை, கேட்டால் சிரிப்பார்கள் என்றார். அவர் குரலில் திமிர் ஒன்றும் இல்லை. கூச்சம்தான் இருந்தது. புதுப்பெண் மாதிரி கூச்சம். லோடு வண்டி ஓட்டுகிற மனுஷனுக்கு, என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நாலு ஆண்கள் முன்னால் சொல்ல வெட்கம். அடக் கொடுமையே என்று வந்தது பெரியாயாவுக்கு.

நேரம் போய்க்கொண்டிருந்தது. மேடம் கதவோரம் வந்து நின்று கடிகாரத்தைப் பார்த்தார். அம்மாவைக் கூப்பிட்டால் வந்துவிடுவாளே, எதற்கு வீண் வம்பு என்றார். வந்துவிடுவாள்தான். அதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. எந்த அம்மாவும் வராமல் இருந்ததில்லை. எந்த வேலையை விட்டு வந்தார்கள், போனபோது அந்த வேலை இருந்ததா என்று யாரும் கேட்டதுமில்லை. பெரியாயாவும் கேட்டதில்லை. கூப்பிடுவதோடு அவள் வேலை முடிந்துவிடும்.

அவள் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குடோன் இரைச்சலையும் தாண்டிக் கேட்கிற மாதிரி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"புள்ள உங்களோடதுதானே?"

அந்தப் பக்கம் லோடு வண்டியின் இன்ஜின் நிற்கிற சத்தம் கேட்டது. பிறகு, வர்றேன் என்றார்.

வந்தார். அரை மணியில் வந்துவிட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். வந்தவருக்கு நடந்த உபசாரம் இருக்கிறதே, மாப்பிள்ளை அழைப்பு தோற்றுவிடும். மேடம் தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். சின்னாயா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எவ்வளவு பொறுப்பான அப்பா என்று வேறு வியந்தாள். பத்து நிமிஷம் தாமதமாக வருகிற அம்மாக்கள் வாசலிலேயே நின்று வசவு வாங்கிக்கொண்டு போகிற காப்பகம் அது. பெரியாயாவும் சிரித்துக்கொண்டே வாங்க வாங்க என்றுதான் சொன்னாள். சொன்ன வாயைப் பிறகு நொந்துகொண்டாள்.

அவர் உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை. வரிசையாகப் படுத்திருந்த பிள்ளைகளைப் பார்த்துத் திகைத்து நின்றார். வாத்தியார்தான் தலையைத் தூக்கி, "ப்பா" என்றான். உடனே அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. குனிந்து தூக்கினார். கண்ணாடிச் சாமானைத் தூக்குகிற மாதிரிதான் தூக்கினார், ஆனால் தூக்கியபின் இறுக்கிக்கொண்டார். பெரியாயா சொன்னாள்: வீட்டுக்குப் போனதும் காய்ச்சல் மருந்து கொடுங்கள், ஈரத்துணியால் துடையுங்கள், தூங்க வையுங்கள், சாயங்காலமும் குறையாவிட்டால் டாக்டர். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பையனின் பையை மறந்துவிட்டுப் போனார்.

பெரியாயாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்ட சாப்பாடு ருசித்தது. சின்னாயாவிடம், இந்நேரம் அவள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருப்பாள் என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். இரண்டு ரிங் வித்தையை இனிமேல் விட்டுவிட வேண்டும் என்றும் சொன்னாள். கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. இனிமேல் இந்த வழியாக டிப்போ அம்மா ஹாரன் அடித்துக்கொண்டு போவாள் என்று சின்னாயா கிண்டல் பண்ணினாள்.

இருட்டுகிற நேரத்தில் டிப்போ அம்மா வந்தாள். பெரும்பாலான பிள்ளைகள் போயிருந்தார்கள். பாங்க் அம்மாவின் இரட்டைக் குழந்தைகள் மட்டும் ஒரு மூலையில் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தன. பை எடுக்க வந்தேன் என்றாள். பெரியாயா அவள் முகத்தைப் பார்த்தாள். பையை எடுத்துக் கொடுத்தாள்.

டிப்போ அம்மா பையை வாங்கிக்கொண்டு, பிள்ளைகள் உட்காருகிற குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் நெஞ்சை முட்டியது. அழுவாள் என்று பெரியாயா நினைத்தாள். அழவில்லை. யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

நன்றாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தாளாம். குறுகலான தெருவில் திருப்பினாள், பாலத்து ஏற்றத்தில் நிறுத்திப் பின்னால் சறுக்காமல் எடுத்தாள், நடுவில் ஓடிவந்த நாய்க்குப் பிரேக் போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆய்வாளர், பரவாயில்லையே என்றுகூடச் சொன்னார். டிப்போவுக்குத் திரும்ப இன்னும் இரண்டு தெருதான். அப்போது சட்டைப் பையில் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. மறுபடியும். அது புருஷனுக்கென்று அவள் தனியாக வைத்த ரிங்.

"நீங்க கூப்பிட மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்க்கா. அவர் கூப்பிடறார்னா என்னமோ ஆயிடுச்சுன்னு நினைச்சேன். பையன் விஷயமா அவர் எனக்கு ஒருநாளும் போன் பண்ணதே இல்லையே."

இண்டிகேட்டர் போட்டாள். கண்ணாடியைப் பார்த்தாள். ஓரமாக ஒதுக்கினாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். நியூட்ரலுக்குக் கொண்டுவந்தாள். எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தபடி ஒன்றுவிடாமல் செய்துவிட்டுத்தான் போனை எடுத்தாள். டெஸ்டின்போது டிரைவர் சீட்டில் போனைத் தொட்டால் அந்த இடத்திலேயே முடிந்தது. முதல் நாள் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தது அதுதான். அணைத்து வைத்திருக்க வேண்டும். அணைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"என்ன சொன்னார்?" என்று கேட்டாள் பெரியாயா.

"மருந்து எங்க இருக்குன்னு கேட்டார்."

பெரியாயாவுக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"காய்ச்சல் மருந்துக்கா. பிரிட்ஜ் கதவுலதான் இருக்கு. தண்ணி பாட்டிலுக்குப் பக்கத்துல. தினம் அதைத் திறந்துதான் அவர் தண்ணி குடிப்பார்."

ஆய்வாளர் கெட்டவர் இல்லையாம். ஓட்டுவதில் குறையே இல்லை, ஆனால் விதி விதிதான் என்று வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். பொம்பளைகளை எடுத்தால் இதுதான் என்று பின்சீட்டில் இருந்த இன்னொருவரிடம் மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னது இவள் காதில் விழுந்தது. அன்றைக்கு ஆண்களும் நாலு பேர் தேறவில்லை. ஒருவன் கம்பத்திலேயே போய் இடித்தான். ஆண்களை எடுத்தால் இதுதான் என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்த பேட்ச் எப்போது என்று தெரியாது. வந்தாலும் பெண்களுக்கு ஒதுக்குவார்களா என்று தெரியாது. என்னால் இனி வரப்போகிறவளுக்கும் கெட்ட பேர் என்றாள் டிப்போ அம்மா. அவர் பாவம், வீட்டில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், எங்கே இருக்கிறது என்றுதானே கேட்டேன் என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறார், அவரைத் திட்டவும் முடியவில்லை என்றாள். பிறகு எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ராத்திரி பஸ் கழுவப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டாள்.

பெரியாயா அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். மருந்து எங்கே இருக்கிறது என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்காது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. அது தோன்றவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அம்மாவுக்குப் போன் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று நினைத்துவிட்டாள். போன் எத்தனை வழியில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

எட்டு மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். கால் இரண்டும் யாரோ இரவல் கொடுத்த மாதிரி கனத்தன. ஒற்றை அறை வீடு. அவள் புருஷனுக்கு ஐஸ் கிடங்கில் ராத்திரிக் காவல். விடிந்து வந்து பகலெல்லாம் தூங்குவார். அவர் தூக்கம் கலையக்கூடாது என்பது அந்த வீட்டின் முதல் சட்டம், போட்டவளும் அவள்தான். ஜன்னலுக்கு இரண்டு திரை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் உள்ளே வருவான். அவர் போன் பகலில் சத்தமில்லாமல் கிடக்கும். பள்ளிக்கூடத்திலும் எது என்றாலும் எனக்குப் போடுங்கள், அவரைத் தொந்தரவு பண்ணாதீர்கள் என்று சொல்லிவைத்திருந்தாள்.

அவர் வேலைக்குக் கிளம்பத் தயாராகி, சாப்பாட்டு டப்பாவுக்காகக் காத்திருந்தார். அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். பையன் பின்னாலேயே வந்து நின்று, நாளைக்குப் பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் கண் டாக்டர் வருகிறார், கண்ணாடி இலவசமாகக் கொடுக்கிறார்கள், கூட ஒரு பெரியவர் வந்தால்தான் பார்ப்பார்கள், உங்கம்மாவை வரச்சொல் என்று டீச்சர் சொன்னார் என்று ஒரே மூச்சில் ஒப்பித்தான். போர்டில் எழுதுவது அவனுக்குத் தெரிவதில்லை. பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதி எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான். போன வருஷமும் இதே மாதிரி வந்தார்கள். அன்றைக்கு அவளுக்கு லீவு கிடைக்கவில்லை, அப்படியே போய்விட்டது.

நாளைக்கும் கிடைக்காது. அவள் போனால் அத்தனை பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு சின்னாயா ஒருத்தி என்ன செய்வாள்? பிள்ளைக்காக எடுக்கிற விடுமுறையெல்லாம் நிரந்தர வேலையில் இருப்பவர்களுக்கு. ஆயாக்களுக்குக் கொடுப்பதைச் சம்பளம் என்றுகூட யாரும் சொல்வதில்லை, மதிப்பூதியம் என்பார்கள். மேடத்திடம் எப்படிக் கெஞ்சலாம் என்று அவள் மனசு தானாகவே வார்த்தைகளைக் கோக்க ஆரம்பித்தது. பாதி வாக்கியத்தில் அது அவளுக்கே அலுத்துப்போயிற்று. அவ்வளவு அலுப்பு அதுவரை வந்ததில்லை.

"நாளைக்கு நீங்க போங்க" என்றாள், திரும்பாமல்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நானா? நைட் முழுக்க முழிச்சுட்டு வர்றேன். பத்து மணிக்குத்தான் கண்ணு சொக்கும்."

"எனக்கும் சொக்குதுங்க. ரொம்ப வருஷமா சொக்குது."

சண்டைக்குச் சொல்லவில்லை. குரலை உயர்த்தவுமில்லை. அதனாலோ என்னவோ அவர் எதிர்த்துப் பேசவில்லை. டப்பாவை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டே, அங்கே போய் என்ன சொல்ல வேண்டும், இவன் எந்த செக்ஷன், எந்தக் கண், எப்போதிருந்து தெரியவில்லை என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். ஒவ்வொன்றுக்கும் பதில் அவள் நாக்கு நுனியில் நின்றது. ஐந்தாவது பி, இடது கண் அதிகம், பெரிய லீவு முடிந்து வந்ததிலிருந்து, கண்ணைச் சுருக்கினால் தலைவலி வருகிறது. சொல்லிவிட்டால் அவளுக்கு மனசு ஆறும். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"உங்க பையன் பக்கத்துலதான் நிக்கறான். அவனைக் கேளுங்க" என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் பையனைப் பார்த்தார். பையன் அம்மாவைப் பார்த்தான். நேரமாகிவிட்டது என்று அவர் கிளம்பிவிட்டார். கேட்கவில்லை.

மறுநாள் காப்பகத்தில் வாத்தியார் வரவில்லை. அவன் அப்பா இன்றைக்கு 'அப்பா நாள்' எடுத்துக்கொண்டு வீட்டிலிருக்கிறாராம், சூப்பர்வைசர் சிரித்தாராம், ஆனாலும் கொடுத்துவிட்டாராம் என்று தையல் அம்மா காதில் விழுந்ததைச் சொல்லிவிட்டுப் போனாள். ஒரு நாள் பிந்திப்போயிற்று என்று நினைத்துக்கொண்டாள் பெரியாயா. அவள் கண் கடிகாரத்திலேயே இருந்தது. பத்து அடித்தது. அவர் போயிருப்பாரா, படுத்துவிட்டிருப்பாரா? பையன் வரிசையில் தனியாக நின்றுகொண்டிருப்பானா? ஒரு பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. பள்ளிக்கூடத்து நம்பர். ஈரக்கையோடு எடுத்துவிட்டாள்.

டீச்சர்தான். சிரித்துக்கொண்டே பேசினார்.

"உங்க வீட்டுக்காரர் வந்திருக்காரும்மா. எது கேட்டாலும் தெரியல தெரியலங்கறார், பாவம், தூக்கக் கலக்கம் வேற. டாக்டர் கிளம்பறதுக்குள்ள நீங்க ஒரு நடை வந்துட்டுப் போயிட்டா நல்லது."

வந்திருக்கிறார். அந்த ஒரு வார்த்தைக்கே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. காப்பகத்திலிருந்து பள்ளிக்கூடம் ஓடினால் ஐந்து நிமிஷம்கூட ஆகாது. அவள் கால் செருப்பைத் தேடியது. நிஜமாகவே தேடியது. ஒரு செருப்பை மாட்டிக்கூட விட்டாள்.

"டீச்சர், வந்திருக்கறது அவனோட அப்பா. அவர்கிட்டயே பேசுங்க. அவருக்குத் தெரியலைன்னா பையன் சொல்லுவான். நான் வர மாட்டேன்."

அந்தப் பக்கம் டீச்சர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பெரியாயா போனை அணைத்து அலமாரியில் வைத்து மூடினாள். இந்த வருஷமும் கண்ணாடி போய்விடுமோ, பெற்ற பிள்ளையை வைத்துச் சூதாடுகிறோமோ என்று பயமாக இருந்தது. தான் செய்தது சரிதானா என்று அவளுக்குத் தெரியவில்லை. மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு, பாதியில் விட்ட பிள்ளையின் இன்னொரு காலைக் கழுவினாள்.